மூன்றில் ஒன்று நின்று கேட்டது

இன்று காலை மாமியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே, குழாய் வழியாக மருந்து செலுத்தும் பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நானும் நீயும் சேர்ந்து உருவாக்கிய அதே பெட்டி. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது, தோழி.

பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளைக் கொடுத்தால் அதை இயக்கும் கணினி நிரலைத் தானே எழுதித் தரும் கருவி ஒன்றை வாங்க அலுவலகம் முடிவெடுத்தது. மூன்று கருவிகளை ஒப்பிடும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இரண்டு கருவிகள் தேநீர் ஆறுமுன் எழுதி முடித்தன. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது.

"நின்னு போனத ஏம்மா இன்னும் வச்சிருக்கீங்க? வேகமானத எடுத்துடலாம்," என்றார் சிங்கப்பூரிலிருந்து வந்த நம் மேலாளர். நானும் தலையாட்டினேன். நீ மட்டும் திரையை விட்டு அசையவில்லை.

"பழுதாகி நிக்கேல்லையடி. எங்களிட்டக் கேள்வி கேக்குது. வாசிச்சுப் பார்."

வாசித்தேன். அளவு தவறி மருந்து பாயாதிருக்க, பெட்டியின் கதவைத் திறந்தால் மருந்து உடனே நிற்க வேண்டும் என்று ஒரு விதி. இதயத்துக்கான மருந்து எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்று இன்னொரு விதி. இதய மருந்து போகும்போது யாராவது கதவைத் திறந்தால்? அந்த விதிகளை அலுவலகத்தில் அத்தனை பேர் வாசித்தும் இந்த முரண் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மற்ற இரண்டு கருவிகளும் ஆளுக்கொரு விதியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் எழுதி முடித்திருந்தன.

மறுநாள் கூட்டத்தில் அந்த இரண்டு நிரல்களையும் இரண்டு பெட்டிகளில் ஓடவிட்டு, கதவுகளைத் திறந்து காட்டினாய். ஒன்று இதய மருந்தை நிறுத்தியது. மற்றது திறந்த கதவோடு மருந்தைச் செலுத்திக்கொண்டே இருந்தது.

"நோயாளிக்குக் குழாய் ஏத்தினாப் பிறகு இதைக் கேக்க ஏலாது சேர். இப்ப கேக்கிறதுதான் எங்களுக்கு வேணும்."

மேலாளர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா. மூணாவதையே வாங்கிடுவோம்," என்றார். மருத்துவர்களைக் கேட்டு, இதய மருந்து போகும்போது கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்று புது விதி எழுதினோம். கருவி மறுபேச்சின்றி நிரலை முடித்தது.

அன்று வீடு திரும்பும்போது செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, கொட்டும் மழையில் "வெண்டிட்டமடி!" என்று கத்தினாய். பஸ்சுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவி, என்ன வெற்றியென்று தெரியாமலே நமக்காகக் கைதட்டினாள்.

பெட்டி ஆஸ்பத்திரிகளுக்குப் போகுமுன் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் இன்று அந்தப் பெட்டி எத்தனையோ கட்டில்களருகே ஓடுகிறது; நீ வென்றது வென்றதுதான்.

இப்போது புதுப்புதுக் கருவிகளை ஒப்பிடும் குழுவுக்கு நான்தான் தலைவி. பெரிய மனிதர்கள் நிறைந்த அறையில், "எனக்கு விளங்கேல்லை" என்று கூச்சமில்லாமல் சொல்வாயே, அந்தத் துணிவு எனக்கும் ஒட்டிக்கொண்டது. நேற்றும் சொன்னேன். அறையில் அரைவாசிப் பேர், "எனக்கும்தான்" என்றார்கள்.