பேணிக்குள் இருந்த மஞ்சள் அட்டை

14 ஒக்டோபர் 1985, திங்கள். சில்க்போர்க்.

மேரியின் கால்புண் ஆறுவதாக இல்லை. இன்று டாக்டரிடம் கூட்டிப் போனேன். தாதி அட்டை கேட்டாள். என் தொழிற்சாலை தந்த காப்புறுதிக் கடிதத்தை நீட்டினேன்.

“இது வேலையில் உங்களுக்கு அடிபட்டால் மட்டும்தான். மனைவியின் மஞ்சள் அட்டை எங்கே?” என்றாள்.

இந்த நாட்டு அரசாங்கம் வைத்தியத்துக்கென்று தந்த அந்த அட்டை இரண்டு வருடமாக பிஸ்கட் வந்த தகரப் பேணிக்குள் கிடந்தது. ஊரில் பங்கீட்டு அரிசிக்கு வெட்டிக் கொடுக்கும் கூப்பனைப் போல வெட்ட வெட்டத் தீர்ந்துவிடும் என்று நான்தான் பூட்டி வைத்தேன். எனக்கு அறுபத்தொரு வயது. வேலை உள்ளவரை தொழிற்சாலைக் கடிதம், கிழடான பிறகு மஞ்சள் அட்டை என்று நினைத்திருந்தேன். “காய்ச்சல், தடிமன் போலச் சின்ன வருத்தத்துக்கெல்லாம் அதை எடுக்காதையும்” என்று மேரிக்கும் சொல்லியிருந்தேன்.

அது தீராதாம், தாதி சொன்னாள். எத்தனை தரமும் காட்டலாமாம். மேரிக்கு இரத்தத்தில் சீனி நன்றாகக் கூடிவிட்டது. நாளைக் காலை ஆஸ்பத்திரி. கறுத்துப்போன கால் பெருவிரலைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் மேரி மெல்லக் கேட்டாள்: “அப்ப, புண் சின்னனா இருக்கேக்கையே வந்திருக்கலாமோ?”

“ஓம்” என்றேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இப்போது அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.