நிச்சயமின்மைக்கு நான் எழுதிய இரண்டு வரி

ஏப்ரல் 7, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம், நான்காம் நாள். கட்டுக்கு இருபது தாள், ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கை திருத்த, ஒரு கை தாள் பறக்காமல் பிடிக்க. பக்கத்து நாற்காலியில் எக்ஸ்பிரஸ். அவர் திருத்தும் வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர். மத்தியானத்துக்குள் இரண்டு கட்டையும் முடித்துவிட்டு, "என்ன டீச்சர், ஒவ்வொரு தாளையும் மனப்பாடம் பண்றீங்களா?" என்கிறார்.

முப்பத்தெட்டாம் கேள்வி: நிச்சயமின்மைக் கோட்பாட்டை விளக்குக. மூன்று மதிப்பெண். நாற்பது தாளிலும் ஒரே விடை, கமா கூட மாறவில்லை. "எலக்ட்ரானைப் பார்க்க அதன்மேல் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒளி அதைத் தள்ளிவிடுவதால், அதன் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அறிய முடிவதில்லை." இயற்பியல் பாடப்புத்தகம், பக்கம் 212. எழுதியது நான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கால் வீக்கம். நாற்பது தாள்.

ஏப்ரல் 9, புதன்

இன்று ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி. கோழி கிளறிய கையெழுத்து. கணக்குகள் பாதியில் நிற்கின்றன. ஐந்து கேள்விகளைத் தொடவே இல்லை. முப்பத்தெட்டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். நேரத்தை எல்லாம் இதிலேயே கரைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. நினைவில் இருப்பதை எழுதி வைக்கிறேன்:

"ஒளி தள்ளிவிடுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் தள்ளுவதற்கு முன் எலக்ட்ரானுக்குத் திட்டமான இடமும் உந்தமும் இருந்தன, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஆகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு கைதட்டலின் சுருதி என்ன என்று கேட்டால் சொல்ல முடியாது. காது மந்தம் என்பதால் இல்லை. அவ்வளவு குட்டி ஓசைக்குத் திட்டமான சுருதியே கிடையாது. சுருதி வேண்டுமென்றால் ஓசை நீள வேண்டும். நீண்டால், அது எந்த நொடியில் ஒலித்தது என்பது திட்டமாக இருக்காது. எலக்ட்ரானும் அலை போலத்தான். இரண்டும் ஒன்றாகத் திட்டமாக இருப்பது அதனிடமே இல்லை."

மூன்று தடவை படித்தேன். சரி. முழுக்கச் சரி.

விடைக்குறிப்பில் என்ன இருக்கிறது? ஒளி தள்ளுவதற்கு இரண்டு, சூத்திரத்துக்கு ஒன்று. சூத்திரம் இருந்தது, ஒன்று போட்டேன். கூட்டினால் முப்பத்துமூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

எக்ஸ்பிரஸிடம் காட்டினேன். "விடைக்குறிப்புல இல்லைல்ல? சுழிச்சிட்டுப் போய்க்கிட்டே இருங்க டீச்சர்."

விளக்கத்துக்குச் சுழி போட்டேன். கட்டு சரிபார்க்கும் மேசைக்குப் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். என்ன மனுஷி நான்?

ஏப்ரல் 10, வியாழன்

தெரியாமல் எழுதவில்லை. அதுதான் உறுத்துகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த இரண்டு வரிக்குக் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன் — இது எளிமைக்காகச் சொன்னது, உண்மை இதுவல்ல என்று. பக்கத்தில் இடமில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எடுத்துடுங்க என்றேன். அன்றைக்கும் இதே அசதிதான். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

தலைமைத் தேர்வாளரைப் பார்த்தேன். அன்று அந்தப் புத்தகக் குழுவில் அவரும் இருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கட்டைத் திரும்பப் பிரிக்கணும்னா எழுத்துல காரணம் வேணும் மேடம். புத்தகம் தப்புன்னு எழுதுவீங்களா? புதுப் புத்தகக் குழுவுக்கு உங்களைத்தான் தலைவியா போடப்போறாங்க. இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

யோசிச்சுச் சொல்றேன் சார் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

காரணம் எழுதிக் கொடுக்கவில்லை. நாற்பது தாள். நாற்பதிலும் ஒளி தள்ளிவிட்டது.

ஏப்ரல் 12, சனி

அந்தப் பதவி எனக்கு வேண்டும். வேண்டாம் என்று இந்த நோட்டிலாவது பொய் சொல்ல மாட்டேன். எனக்கென்று ஓர் அறை, கதவு சாத்திக்கொள்ளலாம். இனி இந்த முகாமுக்கு வர வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டே பேசுகிறேன், போதாதா?

வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ரெண்டு மார்க்குக்கா இவ்வளவு?"

"ரெண்டு மார்க் இல்லைங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம்."

"அது யாருன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். இனியும் தெரியப்போவதில்லை.

"அப்ப உனக்காகத்தான் பண்றே," என்றார்.

சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை, அதனால்தான் வந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன். நாலே வரி. விடைக்குறிப்பில் உள்ள விளக்கம் பாடப்புத்தகத்தின் 212-ஆம் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த விளக்கம் தவறு. இந்த மாணவரின் விடை சரி. தவறான வரிகளை எழுதியவள் நான்.

தலைமைத் தேர்வாளர் இரண்டு தடவை படித்தார். "கடைசி வரி வேண்டாமே மேடம்?"

"இருக்கட்டும் சார். அது இல்லன்னா வேற யாரையோ குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்."

கட்டைப் பிரித்தார்கள். சுழியை அடித்து இரண்டு போட்டேன், பக்கத்தில் கையெழுத்து. முப்பத்தைந்து. தலைமைத் தேர்வாளரும் கையெழுத்துப் போட்டார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எக்ஸ்பிரஸ் தன் பங்குத் தேநீரை என் பக்கம் நகர்த்தினார். இன்று அவருக்குக்கூட இரண்டாவது கட்டு முடியவில்லை.

மே 22, வியாழன்

புதுப் புத்தகக் குழுவின் பட்டியல் வந்துவிட்டது. தலைவி வேறொருவர். உறுப்பினர்களிலும் நான் இல்லை. எக்ஸ்பிரஸ் போன் பண்ணி, "அநியாயம் டீச்சர் இது," என்றார். பரவாயில்லை சார் என்றேன். பரவாயில்லையா? இல்லவே இல்லை! அழுதேன். அதற்கும் தெம்பில்லாமல் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது.

ஜூன் 16, திங்கள்

புதுப் புத்தகம் வர இரண்டு வருஷம் ஆகுமாம். அதுவரை பழையதுதான். வகுப்பில் எல்லோரையும் 212-ஆம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இந்த இரண்டு வரியும் தவறு என்றேன். ஏன் என்று விளக்க ஒரு பாடவேளை முழுக்க ஆனது. தொண்டை கட்டிவிட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப இதை எழுதினவங்களுக்கு இயற்பியல் தெரியாதா டீச்சர்?"

"தெரியும். தெரிஞ்சேதான் எழுதினாங்க."

"ஏன்?"

"அன்னைக்கு அவங்களுக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

வகுப்பே சிரித்தது. எழுதினது நான்தான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை. புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடிச்சிடட்டுமா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அடிச்சிடும்மா என்றேன். ஸ்கேல் வைத்து, கோணாமல், இரண்டு வரியையும் அடித்தாள்.