அரண்மனையோடு சேர்ந்தவள்

பாபநாசம்,
ஆவணி, 1971

அன்புத் தங்கை சஃபியாவுக்கு,

மண்டலேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கருணையால் சுகமாக இருக்க வேண்டி, அக்கா ஹபீபுன்னிசா ஸலாமுடன் எழுதுவது.

பதில் போடவில்லை என்று கோபப்படாதே. நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தேன். ஆமாம் சஃபியா, தை அறுவடையின்போது உன் மச்சான் மவுத்தாகிவிட்டார். இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்று இங்கே சட்டம் வந்தது. அதற்குத் தப்ப, மச்சானின் அண்ணன், வீட்டுப் பெரியவர் ஹாஜா மைதீன், குடமுருட்டிக் கரை நஞ்சையை என் பேரில் எழுதிவைத்தார். பர்மாவிலிருந்து வந்தவள், கேட்க ஆளில்லாதவள் என்பதால் என் பேர் அவருக்கு வசதி. அதைக் குத்தகைக்கு உழுபவர் முருகையன். குத்தகைக்காரர் பேர் தாலுகா ஆபீசில் பதிவாகிவிட்டால் பிறகு வெளியேற்ற முடியாது. அதற்குள் அவரை விரட்டிவிட வேண்டுமென்று பெரியவர் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். உன் மச்சான் நடுவில் போய் நின்றார். தடி அவர் தலையில் விழுந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது தலை என் மடியில் இருந்தது. "முருகையன் அடிக்கல. அண்ணன் கூட்டியாந்த ஆளு" என்றார். பிறகு பேசவில்லை. போலீஸ் முருகையனைத்தான் பிடித்துக்கொண்டு போனது.

இத்தா முடியும் முன்பே பெரியவரின் மனைவி கமருன்னிஸா என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். "ஒன்ன நிக்காஹ் பண்ணிக்கிறேங்கிறாரு. நெலம் வெளிய போயிரக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை என்னால் வெறுக்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு பர்மாவின் பழைய பின்யா நாட்டு அரசி சோ ஒம்மாவின் நினைவுதான். அம்மா தறியில் உட்கார்ந்து சொல்வாரே. ஒருவர் பின் ஒருவராக நான்கு ராஜாக்களுக்கு அவள் பட்டத்து ராணி. அரண்மனையைப் பிடித்தவனுக்கு அவளும் சேர்ந்தே போனாள். நான்காவது ராஜா அம்மை கண்டு சாகிறபோது, எனக்குப் பிறகு வேறெவனும் அவளை அடையக் கூடாது, வெட்டிவிடு என்று தன் அதிகாரியை அனுப்பினான். வாளோடு வந்தவனிடம் அவள் பேசினாள். அவன் வெட்டாமல் அவளையே கூட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஓடினான். கடைசியில் புது ராஜாவின் படை வந்தபோது அவளை விட்டுவிட்டு அவன் மட்டும் தப்பினான். அவளை இன்னொரு தளபதிக்குக் கொடுத்தார்கள். "இதுக்குச் செத்திருக்கலாம்" என்று நீ சொன்னாய். அம்மா தறியை நிறுத்திவிட்டு, "அவளுக்கு வாழ ஆசை இருந்திருக்கும்" என்றார். எனக்கும் இருந்தது, சஃபியா. சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் முருகையனின் மனைவி காளியம்மாள் கொல்லைப் பக்கமாக வந்தார். "சாட்சி சொல்லுங்கன்னு கேக்க வரல ராவுத்தரம்மா. அய்யா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவரிடமும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "நீ ஒண்ணும் கேக்கல. கேட்டேன்னு வெளிய சொன்னா, ஒன் மவ நூர்ஜஹான் இந்த வீட்டுப் புள்ள, நீ இந்த வீட்டுப் பொம்பளை இல்ல" என்றார்.

இத்தா முடிந்ததும் பஸ் ஏறிக் கும்பகோணம் கோர்ட்டுக்குப் போனேன். மச்சான் சொன்னதை அப்படியே சொன்னேன். தாலுகா ஆபீசிலும், என் பேரில் உள்ள நிலத்தை உழுவது முருகையன்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

முருகையன் வெளியே வந்துவிட்டார். அடித்தவனை இன்னும் பிடிக்கவில்லை. நிலம் என்னுடையது இல்லை என்று பெரியவர் வழக்குப் போட்டிருக்கிறார். நிக்காஹ் பேச்சு அன்றோடு நின்றது. என் துணிமணிகளை வாசலில் வைத்தார்கள். நூர்ஜஹானை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கப்பலில் என்னோடு வந்த சாவித்திரி ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். அங்கேதான் மாவாட்டிக்கொண்டு இருக்கிறேன். பிள்ளை அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஒருநாள் கூப்பிட்டேன். எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள். அத்தாவைக் கொன்றவனுக்காக உங்கம்மா சாட்சி சொன்னாள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு வயது எட்டு. என்ன செய்வாள்?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சித்தி என்று சொல்லி அவளுக்கு ஒரு கடிதம் போடு. அந்த வீட்டு விலாசத்துக்கே போடு. உன் கடிதத்தைத் தடுக்க மாட்டார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறார்களா, இடி இடித்தால் யார் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாய் என்று மட்டும் கேள். அவள் பதில் எழுதினால் அதை எனக்கு அனுப்பு.

உன் பிள்ளைகள் உன் கண் முன்னாலேயே வளர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கும்,

உன் அக்கா
ஹபீபுன்னிசா