தொகுஜியின் வெயில் அட்டைகள்

கிரிசவா
8 செப்டம்பர் 1986

வேளாண் ஆய்வு நிலையத்து குவபரா ஐயாவுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும். எழுதப் பயமாக இருக்கிறது. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பொய் என்பீர்கள்.

நான் குதோ தொகுஜியின் மனைவி. ஆறாம் வகுப்புதான் படிப்பு. எங்கள் வயலோரக் கண்ணாடி உருண்டையின் கீழ் என் கணவர் பத்தொன்பது வருடம் தினமும் அட்டை செருகினார். வெயில் அடித்தால் அட்டை கருகும். கருகிய நீளத்தை அளந்து உங்களுக்கு அனுப்பினார். ஜூன் அறிக்கையில் அவர் பதிவை ‘நம்பத்தகாதது’ என்று நீக்கினீர்கள். பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடைவெளி அதிகமானால் வெயிலும் அதிகமாம். அப்படிப் பார்த்தால் இங்கே தினம் இன்னும் இரண்டு மணி நேரம் வெயில் அடித்திருக்க வேண்டுமாம்.

அந்த அறிக்கை கூட்டுறவுச் சங்கத்துக்கும் வந்தது. "தொகுஜி அண்ணே, அந்த ரெண்டு மணி வெயிலை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர், "ஹட்சு, நான் பொய்யாடி எழுதினேன்?" என்றார். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. ஜூலையில் இதயம் நின்றது. முந்தாநாள் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்தது.

அவர் பதிவு சரி என்று அச்சில் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

குதோ ஹட்சுயே

ஆய்வு நிலையம்
20 செப்டம்பர்

மதிப்பிற்குரிய ஹட்சுயே அம்மையாருக்கு,

தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். எங்கள் மதிப்பீட்டு முறை முப்பத்திரண்டு ஊர்களில் சரிபார்க்கப்பட்டது. வயது காரணமாக அவர் சில காலைகளில் அட்டை மாற்ற மறந்திருக்கலாம். இது எவர்மீதும் குற்றச்சாட்டு அல்ல.

குவபரா

கிரிசவா
29 செப்டம்பர்

குவபரா ஐயா,

மறந்தாரா? அட்டையை மாற்றுவது காலையில் இல்லை, சூரியன் மறைந்த பிறகு. அதுகூடத் தெரியாமலா அவரைத் தள்ளினீர்கள்? என் தங்கை கல்யாண விருந்தில் பாதியில் எழுந்து வந்து மாற்றியவர் அவர். அவர் போன பிறகு நான் மாற்றி வருகிறேன்.

உங்கள் முப்பத்திரண்டு ஊரும் சமவெளி. எங்கள் ஊர் மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி. மலைக்குளிர் எல்லாம் இரவில் இறங்கி அடியில் தேங்கும். விடிந்தால் மூடுபனி, பத்து மணிவரை எதிர்வீடு தெரியாது. பிறகு ஒரேயடியாகச் சூடேறும். இடைவெளி பெரிசு, வெயில் சின்னது. முள்ளங்கி பிடுங்குகிற எவளைக் கேட்டாலும் சொல்வாள். ஒருநாள் காலை வந்து நில்லுங்கள்.

ஹட்சுயே

ஆய்வு நிலையம்
24 அக்டோபர்

அம்மா,

சொல்லாமல் வந்து மூன்று காலை உங்கள் வயலோரம் நின்றேன். நீட்டிய என் கையே தெரியவில்லை. நீங்கள் முள்ளங்கி கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. பத்தரைக்குத்தான் அட்டையில் முதல் புகை எழுந்தது. எங்கள் கணக்கு எட்டு மணி நேரம் என்றது. மாலையில் பார்த்தபோது அட்டை ஆறு என்றது.

பிழை என்னுடையது. நவம்பர் அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயரோடு திருத்தம் வரும், அதன் அச்சுப் பிரதியை இணைத்துள்ளேன். இனி தங்கள் பெயரிலேயே பதிவைத் தொடர்வீர்களா? அவர் படத்தின் முன் ஊதுபத்தி ஏற்ற வரலாமா?

குவபரா

கிரிசவா
1 நவம்பர்

குவபரா ஐயா,

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் பெயர் சரியாக இருக்கிறது. அக்டோபர் அட்டைகள் முப்பத்தொன்றும் இதில் உள்ளன. ஒன்பதாம் தேதி அட்டையில் கருகலே இல்லை. மறதி என்று எழுதிவிடாதீர்கள், அன்று முழுக்க மழை.

திருத்தியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். அவர் எழுதியது முன்பே சரிதான்.

ஊதுபத்தி ஏற்ற வர வேண்டாம். இப்போது மூன்று காலை நிற்க உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. ஜூனுக்கு முன் ஒரு காலை வந்திருக்கலாம்.

குதோ ஹட்சுயே