ஏழு நூல் சிலிண்டர்

18 ஆகஸ்ட், திங்கள்

தேவமணி அண்ணாச்சியின் காருக்கு இன்று பிரேக் பெடல் மாட்டினோம். பெடலுக்குப் பின்னால் அருகருகே இரண்டு மாஸ்டர் சிலிண்டர், மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளுகிறவை. ஒன்று முன்சக்கரங்களுக்கு, ஒன்று பின்சக்கரங்களுக்கு. இரண்டும் ஆறு நூல் விட்டம், அதாவது முக்கால் இஞ்ச். பூஸ்டர் கிடையாது. காலில் மிதிக்கிற பலம்தான் பிரேக்.

இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்து ட்ரெய்லர்களுக்கு பிரேக் பார்க்கிறேன். குழாய் வளைத்து, சேஸிஸ் பற்றவைத்து, முழுசாக ஒரு கார் கட்டுவது இதுதான் முதல் தடவை. உப்பளக்காரரான அண்ணாச்சி நம்பிக் கொடுத்திருக்கிறார். "செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள வண்டி ரெடியாகலேன்னா கோயமுத்தூர் ஒர்க்ஷாப்புக்கு ஏத்திருவேன் வேல்ராஜு" என்றும் சொல்லியிருக்கிறார். அப்படி ஏற்றிவிட்டால் இந்த ஊரில் எவனும் எனக்கு இன்னொரு கார் தரமாட்டான்.

20 ஆகஸ்ட், புதன்

நிற்கவில்லை.

உப்பளத்துச் சாலையில் அறுபதில் போய் மிதித்தேன். எங்கேயோ போய் நிற்கிறது. இசக்கிராஜா தூரத்தை அடி வைத்து அளந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். என்னோடு ஒன்பது வருஷமாக இருக்கும் ஃபிட்டர். ஏதோ சொல்ல வந்தான். "மொதல்ல டூலை எடுத்து வைலே" என்றேன்.

இதில் என்ன யோசனை? ட்ரெய்லரில் இருபத்துநாலு சைஸ் பிரேக் சேம்பர் போதாவிட்டால் முப்பது போடுவோம். ஆறு நூல் போதாவிட்டால் ஏழு நூல். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது வீட்டுக்காரி பிரேமாவிடம் புலம்பினேன். அவள் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். "சின்ன சிரிஞ்சுலதாங்க பிரஷர் ஜாஸ்தி. அடைச்ச லைன்ல ரெண்டு எம்எல்ல வச்சுத் தள்ளுனா டியூபே வெடிச்சிரும். அதான் நாங்க பத்து எம்எல் எடுப்போம்" என்றாள்.

"ஊசி போடுத கதையைக் கொண்டாந்து பிரேக்குல சொருவாத" என்றேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

23 ஆகஸ்ட், சனி

மதுரையிலிருந்து ஏழு நூல் சிலிண்டர் இரண்டும் வந்துவிட்டன.

25 ஆகஸ்ட், திங்கள்

மாட்டியாயிற்று. பெடல் கல்லு மாதிரி நிற்கிறது! கொஞ்சம்கூட இறங்கவில்லை. இதுதான் பிரேக்.

27 ஆகஸ்ட், புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

அண்ணாச்சி தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினார். சாலை திரும்புகிற இடத்தில் பெடலின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்திருக்கிறார். கார் நேராகப் போய் உப்புக் குவியலில் மூக்கைச் செருகியது. மூடியிருந்த ஓலையெல்லாம் அவர் தலையில். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி, சட்டையில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே, "முந்தி இருந்ததே தேவலைல்லா" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான்தான் கத்தினேன். இசக்கிராஜாவை. "பிரேக் ஆயில் லைன்ல காத்து எடுக்கத் தெரியாதவன் எதுக்குலே ஸ்பேனரைத் தொடுத?" என்று உப்பளத்து ஆட்கள் பார்க்கக் கேட்டேன். அவன் ஸ்பேனரை பானெட்டின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

போகட்டும்.

28 ஆகஸ்ட், வியாழன்

நானே நாலு சக்கரத்து பிரேக் லைனிலும் ஆயிலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஒன்றுகூட.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. அடுத்து ஒரு இஞ்ச் சிலிண்டர் சொல்லலாமா? மதுரைக்கு ஃபோன் போட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். ஆறில் நிற்காதது ஏழில் இன்னும் மோசமானது. அப்படியென்றால் எட்டில்? இதை யோசிக்க எனக்கு நாலு நாள் ஆகியிருக்கிறது. வெட்கக்கேடு.

பிரேமா டூட்டிக்குப் போன பிறகு மருந்துப் பையிலிருந்து இரண்டு எம்எல் ஒன்று, பத்து எம்எல் ஒன்று எடுத்தேன். இரண்டிலும் தண்ணீர் ஏற்றி நடுவில் ஒரு துண்டு டியூப் மாட்டினேன். ஒரு கட்டைவிரல் இதில், ஒரு கட்டைவிரல் அதில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். சின்னது சும்மா போகிறது. பெரியதைப் பிடித்த விரல் பின்னால் வருகிறது. எவ்வளவு முக்கினாலும் வருகிறது.

ட்ரெய்லரில் அழுத்தத்தைக் கம்ப்ரெஸர் தருகிறது. கால் வால்வைத் திறப்பதோடு சரி. சேம்பர் இருப்பது சக்கரத்துப் பக்கம், அதனால் பெரிதாக்கினால் பிடிக்கும். இங்கே அழுத்தத்தை உண்டாக்குவதே கால்தான். நான் கால் பக்கத்தைப் போய்ப் பெரிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மூதேவி. இருபத்திரண்டு வருஷ மூதேவி.

3 செப்டம்பர், புதன்

முன்னால் அஞ்சு நூல். பின்னால் பழைய ஆறே. பின்சக்கரம் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும், அதனால் அங்கே அழுத்தம் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். பெடல் இப்போது முன்னைவிட இறங்குகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஸ்பேனரைப் பிடிக்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

6 செப்டம்பர், சனி

நின்றது! அறுபதில், எண்பதில், அண்ணாச்சி மிதித்தபோதும், நேராக, நான் சுண்ணாம்பில் கோடு போட்ட இடத்துக்கு முன்னாலேயே.

"எப்பிடிலே கண்டுபிடிச்ச?" என்று தோளில் தட்டினார்.

"எல்லாம் அனுபவம் அண்ணாச்சி" என்றேன்.

வாயில் எப்படி வந்தது அது?

7 செப்டம்பர், ஞாயிறு

இசக்கிராஜா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. "நீ காத்து எடுத்ததுல தப்பு இல்லலே. நான் போட்ட சிலிண்டர்தான் தப்பு" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. முந்தி பைக் ஷாப்புல இருக்கும்போதே பாத்திருக்கேன். சின்னதுதான் கடிக்கும்."

"பெறவு ஏம்லே சொல்லல?"

"சொன்னா கேப்பியளா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அதே கேள்வி.

8 செப்டம்பர், திங்கள்

பிரேமா பையைக் குடைந்துகொண்டிருந்தாள். "ரெண்டு சிரிஞ்சு காணலியே, எடுத்தியளா?" எடுத்தேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். டியூபோடு கொண்டுவந்து மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், 'அனுபவம்' உட்பட. அவளே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "அண்ணாச்சிட்ட இத எப்ப சொல்லப் போறிய?" என்றாள். அங்கேயே ஃபோனை எடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பு அவளுக்கும் கேட்டது.

15 செப்டம்பர், திங்கள்

காலையில் அண்ணாச்சி காரை எடுத்துப் போனார். அவருடைய மச்சான் ஒருவருக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம்.

இசக்கிராஜா பத்து மணிக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். புது வண்டிக்கு கிளட்ச் சிலிண்டர் எது போடுவது என்று பேச்சு வந்தது. எனக்கு ஒரு அளவு நாக்கு நுனியில் இருந்தது.

"நீ என்னலே நினைக்க?" என்றேன்.

என்னையே பார்த்தான். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.