உங்கள் தம்பியின் ட்ரில்லும் உங்கள் உருத்திராட்சமும்

இஞ்சாருங்கோ,

முப்பது வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன், இனி மாற்ற முடியாது. வருகிற ஞாயிறோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆட்டைத்திவசத்தை இல்ஃபோர்டில் வீட்டிலேயே செய்கிறோம். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லாதபடியால் கிரியை செய்யப் போவது உங்கள் தம்பி. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு மாதமாக இந்த வீட்டுக்கு ராசா.

உங்கள் கழுத்தில் கிடந்த ஒற்றை உருத்திராட்சம் தனக்குத்தான் என்றார். கிரியை செய்கிறவன் போட வேண்டியதாம், ஆண் வழியில் போக வேண்டியதாம். எந்தச் சாத்திரம் என்று நான் கேட்கவில்லை. பாவம், இல்லாததைக் கேட்டு ஏன் அவரைக் கஷ்டப்படுத்த வேண்டும்? துளசியும் அந்த உருத்திராட்சத்தைத் தனக்குக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் எட்டுக் கிழமை, இரண்டு மாதம், உங்களுக்குச் சோறு ஊட்டிய உங்கள் மகள் ஒரே ஒரு தரம் கேட்டாள், பிறகு வாயைத் திறக்கவில்லை. அந்த எட்டுக் கிழமையில் உங்கள் தம்பி வந்தது இரண்டு தரம். இரண்டு தரமும் கார் நிறுத்த இடமில்லை என்று வாசலிலிருந்தே போன் எடுத்துவிட்டுப் போனவர்.

யார் போடுவதென்றாலும் முதலில் நூல் போக வேண்டுமே. உங்கள் வியர்வையும் சந்தனமும் குளிக்கிற சவர்க்காரமும் சேர்ந்து துளை கல்லாக அடைபட்டிருந்தது. அறுந்த பழைய நூலின் துண்டும் உள்ளேயே இறுகிக் கிடந்தது. நான் விட்ட ஊசி வளைந்துபோனது.

"விடுங்கோ அண்ணி, நான் துளைச்சுத் தாறன்" என்று சொல்லி, போன சனிக்கிழமை காலை தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் சுவர் துளைக்கிற ட்ரில். கூடவே அதில் பூட்டித் துளைக்கிற, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பிட் நாலு, தையல் ஊசி மொத்தத்தில். அந்த ட்ரில்லின் வாய் அவ்வளவு சின்னதைக் கவ்வாது. அதை முழுதாக இறுக்கினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். பிட் கார்ப்பெட்டில் விழுந்தது. ராசா முழங்காலில் நின்று தேடினார்.

தேடி எடுத்து, பிட்டின் அடியில் கறுப்பு டேப்பைச் சுற்றினார், குழந்தைக்கு நேப்பி கட்டுவதுபோல. அது மெஷினில் ஏறிச் சுழன்றபோது நுனி வட்டம் போட்டது. உருத்திராட்சத்தைக் குறட்டால் பிடித்துக்கொண்டு மேலே அழுத்தினார். டிக்! முதல் பிட் முறிந்தது. இரண்டாவதுக்கு நெஞ்சையும் சேர்த்து அழுத்தினார். டிக்! மூன்றாவது பிட் துளைக்குள்ளேயே முறிந்து நின்றது.

"அண்ணை கனகாலம் போட்டதெல்லே, வைரம் பாஞ்சிட்டுது" என்றார். குற்றம் உருத்திராட்சத்தில்! உங்கள் குடும்பத்து ஆண்களின் கையில் எது உடைந்தாலும் குற்றம் உடைந்த சாமானில்தான். நீங்களும் அப்படித்தானே?

பிறகு பெட்டியைக் கிண்டி ஒரு தடித்த பிட்டை எடுத்தார். "நாலு மில்லி போட்டா ஒரே தள்ளிலை போயிடும்." போயிருக்கும். இரண்டாகப் பிளந்து போயிருக்கும். பக்கத்தில் நின்ற துளசியின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கண்ணில் நின்றது.

"வையுங்கோ கீழை" என்றேன்.

"அண்ணி, இது மெஷின் வேலை. உங்களுக்கு விளங்காது."

தையல் பெட்டியின் அடியிலிருந்து என் பின் வைஸை எடுத்தேன். பென்சில் அளவில் ஓர் உலோகப் பிடி, எவ்வளவு மெல்லிய பிட்டையும் விடாமல் கவ்வும். மிஞ்சிக் கிடந்த கடைசி மெல்லிய பிட்டை அதற்குள் பூட்டி, அதன் வாலை ட்ரில்லின் வாயில் கொடுத்து இறுக்கினேன். புருவம் பிடுங்குகிற குறட்டால் முறிந்த துண்டை மெல்ல இழுத்தெடுத்தேன். உருத்திராட்சத்தைச் சவர்க்காரக் கட்டியில் பாதி புதைத்தேன். ட்ரில்லைத் துவாய்த் துணியில் படுக்க வைத்து மேசையோடு கட்டினேன். இவ்வளவு பாரமான மெஷினைக் கையில் தூக்கிப் பிடித்தால் மெல்லிய பிட் முறியாமல் என்ன செய்யும்? மெஷின் அசையக் கூடாது, சாமான்தான் பிட்டிடம் போக வேண்டும். முழு வேகத்தில் ஓடவிட்டு, தொட்டு எடுத்து, தூளை ஊதி, மறுபடி தொட்டேன். அழுத்தவே இல்லை. தேநீர் ஆறுவதற்குள் மற்றப் பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"அம்மா, where did you learn this?" என்றாள் துளசி.

"வேலையிலை. சேர்க்கிட் போர்ட் துளைக்கிற ஃபக்டரியிலை. பன்னிரண்டு வருஷம்."

"அப்பா ஒஃபிஸ் எண்டெல்லோ சொன்னவர்?"

"ஓம், அண்ணை எங்கள் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னவர்" என்றார் உங்கள் தம்பி. அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை.

உங்கள் மனைவி ஃபக்டரி மேலங்கி போட்டு மெஷினில் நிற்கிறாள் என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். ரயில் இல்ஃபோர்டுக்கு வருவதற்கு முதலே மேலங்கியைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லுவீர்கள். நானும் வைத்தேன். வீட்டு வாடகைக்கு உதவிய கை, ஊருக்குக் காட்ட உதவாத கை. இதில் யார் பெரிய மடையர், சொன்ன நீங்களா, கேட்ட நானா? பெற்ற பிள்ளைக்கே தாய் என்ன வேலை செய்தாள் என்று தெரியாமல் வளர்த்திருக்கிறோம்.

துளசி என் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். உங்கள் தம்பி மட்டும் விடவில்லை. "ஆம்பிளை போடுறதுதான் முறை" என்று கையை நீட்டினார். "முறை தெரிஞ்ச ஆள் மூண்டு பிட் முறிச்சது காணும், போதும் தம்பி. பெட்டியைக் கட்டுங்கோ" என்றேன். கட்டிக்கொண்டு போனார்.

மனம் உங்களைத் தேடுது, அதை மறைக்கவில்லை. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடக்கின்றன. ஞாயிறு அந்த உருத்திராட்சம் துளசியின் கழுத்தில் இருக்கும். துளை அடைபட்ட கதை தெரிஞ்சு வாற சனம் "ஆர் துளைச்சது?" என்று கேட்கும். நான் துளைத்தேன், அதுதான் என் தொழில் என்று பந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவேன். உங்களுக்காக அழுவேன். இனி உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்