மாமாவின் சாப்பாட்டு டப்பா

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நீ முகம் காட்டி ஒரு வருஷம் ஆகிறது. நீ கட்டிய பாட்டு மட்டும் தினமும் காதில் விழுகிறது. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் போதும், பெண்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"கட்டிக் கொடுத்தேன் மதியச் சோறு,
சீக்கிரம் வாங்கன்னு சொல்லி விட்டேன்."

பாடி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடேன். அக்கா கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

நேற்று ஏழாவது ஊர். தொண்டை கட்டி, வெந்நீரில்தான் காலம் ஓடுகிறது.

மாமாவையும் சேர்த்து கம்பெனித் தீயில் போன பதினொரு பேருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் பேச்சு வராமல் மாமாவின் டப்பாவைத் தட்டிப் பாடினேன். துணி வெட்டிக்கொண்டிருந்த எனக்கு வேறென்ன தெரியும்? அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. பின்கதவைப் பூட்டி வைத்ததால்தான் செத்தார்கள் என்று யார் யாரோ பேசினார்கள், எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீ சொன்னதை அப்படியே பாட்டாக்கினேன். நான்கு கம்பெனிகளில் பூட்டு கழன்றது. அடுத்த மாதம் கோர்ட்டில் தீர்ப்பு. அதுவரை பொறுத்துக்கொள். அந்த வரி இல்லாவிட்டால் பாட்டு நிற்காது.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

பொறுத்தது போதும். சொல்லிவிடுகிறேன்.

மாமா இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளிலும் வேலையா என்று காலையிலேயே சண்டை போட்டேன். சமைக்கவில்லை. "போயிட்டு வரேன்"னு மூணு தடவை சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். துக்கம் கேட்க வந்தவர்கள் "சாப்பிட்டாரா"ன்னு கேட்டபோது வாயில் பொய்தான் வந்தது. பக்கத்தில் நீ இருந்தாய்.

அவர் போட்டிருந்த வாட்ச் கூட மிஞ்சவில்லை. மேடையில் தட்டுகிறாயே, அந்த டப்பா எப்படி மிஞ்சியது என்று ஒரு நாளாவது யோசித்தாயா? அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. அதைத்தான் உன் கையில் கொடுத்தேன். நீ பாடும் அந்த நல்ல பெண்டாட்டி நான் இல்லையடா.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கோர்ட் வாசலில் பாடினேன். அந்த இரண்டு வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். டப்பாவையும் தட்டவில்லை. கூட்டம் விடவில்லை. அத்தனை பேரும் அவர்களாகவே பாடினார்கள். எனக்கு மறந்துவிட்டதென்று நினைத்து முன்வரிசைப் பெண் ஒருத்தி எடுத்துக்கூடக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது, உருகிவிட்டேன் என்று கை தட்டினார்கள்.

எந்தக் கம்பெனியும் கதவைப் பூட்டக் கூடாதென்று தீர்ப்பு வந்துவிட்டது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இனி நான் அதைப் பாட மாட்டேன். ஆனால் மற்றவர்களை நிறுத்த என்னால் முடியாது அக்கா. மன்னித்துவிடு. டப்பாவை லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தம்பி

மே 6

அன்புத் தம்பிக்கு,

டப்பா வந்தது. தட்டித் தட்டி ஒரு பக்கம் நசுக்கிவிட்டாய், மூடி சரியாக உட்காரவில்லை. துணி சுற்றி அதில்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன்.

இங்கேயும் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். என் மெஷின் அதன் பக்கத்தில்தான். காற்று வருகிறது, நூல் பறக்கிறது என்று சூப்பர்வைசர் முணுமுணுக்கிறார். முதல் நாள் பெண்கள் எல்லோரும் அந்தக் கதவருகில் நின்று உன் பாட்டைப் பாடினார்கள். நான் பாடவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

உன்மேல் கோபமில்லை. களைத்துப் போயிருப்பாய், வந்து நாலு நாள் தூங்கு. அவர்கள் பாடிக்கொள்ளட்டும். பாட்டிலாவது அந்த மனுஷன் சாப்பாட்டோடு போகட்டும்.

அக்கா